ஃபான்டீன் என்னும் தாய்: இசை நாடக மேடையில் தாயின் தியாகத்தைப் பாடி நடிக்கும் முறை

‘லே மிசராப்’ இசை நாடகத்தில் ஃபான்டீன் வேடத்துக்குக் குரல் தேர்வு என்று அறிவித்தால், வருகிற பெண்களில் பெரும்பாலோர் ஒரே பாடலைத்தான் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து துரத்தப்பட்ட ஃபான்டீன் தனியாக நின்று, தான் முன்பு கண்ட கனவை நினைத்துப் பாடும் பாடல் அது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை, அந்தப் பாடலின் வரிகளை ஒரு தாளில் எழுதி, குழந்தையைக் குறிக்கும் சொற்களின் கீழே மட்டும் கோடு போடச் சொல்வேன். பத்து நிமிடம் கழித்துத் தாளை வாங்கிப் பார்த்தால் அதில் ஒரு கோடும் இருக்காது. ஒரு கோடைக்காலம் உடனிருந்துவிட்டு இலையுதிர்காலம் வந்ததும் போய்விட்ட காதலன் அந்தப் பாடலில் இருக்கிறான், இளமை இருக்கிறது, பொய்த்துப்போன நம்பிக்கை இருக்கிறது. கோசெத் என்ற மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இசை நாடகத்தில் தாயின் தியாகம் என்றதும் பலர் நினைவுக்கு வரும் வேடத்தின் மிகப் புகழ்பெற்ற பாடலில் தாயே இல்லை என்பதை உணர்ந்துகொண்டால், வேலை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். அந்தத் தாயை நாடகத்தின் மற்ற இடங்களில், பெரும்பாலும் யாரும் கைதட்டாத சிறு சிறு இடங்களில், நீங்கள் கட்டியெழுப்ப வேண்டும். அப்படிக் கட்டியெழுப்பிய பிறகு பாடினால், குழந்தையின் பெயரே வராத அந்தப் பாடலிலும் அவள் தாய் என்பது கேட்கும்.

விக்டர் ஹ்யூகோவின் நாவல் 1862இல் வெளிவந்தது. தமிழில் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகவும், 1950இல் அதே பெயரில் வந்த திரைப்படம் வழியாகவும் அந்தக் கதை நம் முந்தைய தலைமுறைக்கு நன்றாகவே அறிமுகமாகியிருந்தது. இசை நாடகத்துக்குக் குளோத்-மிஷேல் ஷான்பெர்க் இசையமைத்தார். ஆலன் பூப்லீலும் ழான்-மார்க் நதேலும் பிரெஞ்சுப் பாடல்களை எழுதினர். 1980இல் பாரிஸில் அது முதலில் மேடையேறியது. ஹெர்பர்ட் கிரெட்ஸ்மரின் ஆங்கிலப் பாடல்களுடன் 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கிய வடிவமே இன்று உலகெங்கும் நடிக்கப்படுகிறது. வேடத்தைத் தயாரிக்கும்போது பாடற்பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நாவலில் ஃபான்டீனைப் பற்றிய அத்தியாயங்களைக் கட்டாயம் படியுங்கள். மேடையில் சில நிமிடங்களில் கடந்துபோகிற வீழ்ச்சியை ஹ்யூகோ அங்கே ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

கணக்கு நோட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். மோன்ஃபெர்மேய் என்ற ஊரில் விடுதி நடத்தும் தெனார்டியே தம்பதியிடம் குழந்தையை விட்டுச் செல்லும்போது, ஃபான்டீனின் கையில் 80 பிராங்க் இருக்கிறது. மாதம் 7 பிராங்க் என்ற கணக்கில் ஆறு மாதத்துக்கு 42 பிராங்க் முன்பணம், அதற்கு மேல் ஆரம்பச் செலவு என்று 15 பிராங்க், ஆக மொத்தம் 57 பிராங்கை அவள் அங்கேயே எண்ணி வைக்கிறாள். பிறகு அந்த மாதத் தொகை 12 ஆகிறது, அதன் பிறகு 15 ஆகிறது. தொழிற்சாலை வேலை போன பின்பு, படைவீரர்களுக்கான முரட்டுச் சட்டைகளைத் தைத்து அவள் சம்பாதிப்பது நாளுக்கு 12 சூ. ஒரு பிராங்குக்கு 20 சூ என்பதால், மாதம் 15 பிராங்க் என்பது நாளுக்கு 10 சூ ஆகிறது. மகளுக்கு 10 சூ போக, தாய் உண்ண, உடுக்க, வாடகை கொடுக்க மிஞ்சுவது 2 சூ.

இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்காருங்கள். நாளுக்கு இரண்டு சூவில் வாழ்கிற ஒருத்தியின் உடம்பு எப்படி நிற்கும், எப்படி நடக்கும், குளிரில் தோள்களை எப்படி ஒடுக்கிக்கொள்ளும் என்று யோசியுங்கள். நடிப்புக்கான உடல்மொழி, சோகத்தைக் கற்பனை செய்து பார்ப்பதைவிட இந்தக் கணக்கிலிருந்து நேராக வந்துவிடும்.

அடுத்த வரிகளை எழுதுங்கள். குழந்தைக்குக் கம்பளிப் பாவாடை வேண்டும், குறைந்தது 10 பிராங்க் அனுப்பு என்று தெனார்டியேயிடமிருந்து கடிதம் வருகிறது. அன்றைய கூலிக்கு அது ஏறக்குறைய 17 நாள் உழைப்பு. அவள் முடிதிருத்துபவரிடம் சென்று இடுப்பளவு நீண்ட தலைமுடியை 10 பிராங்குக்கு விற்று, பாவாடை வாங்கி அனுப்புகிறாள். என் குழந்தைக்கு இனிக் குளிராது, என் முடியால் அவளுக்கு உடுத்திவிட்டேன் என்று மகிழ்கிறாள். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். ஆத்திரத்தில் அந்தப் பாவாடையைத் தங்கள் மகள் எப்போனீனுக்குப் போட்டுவிடுகிறார்கள், கோசெத் நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். பிறகு, காய்ச்சல், மருந்துக்கு 40 பிராங்க் வேண்டும் என்று இன்னொரு கடிதம் வருகிறது. ஊர் ஊராகச் செல்லும் பல் வைத்தியன் ஒருவன் அவளுடைய இரண்டு முன்பற்களுக்கு அதே 40 பிராங்க் தருகிறான். கோசெத்துக்குக் காய்ச்சலே இல்லை. அதன் பின்பு கூலி நாளுக்கு 9 சூவாகக் குறைகிறது, நாளுக்கு 17 மணி நேர வேலை. முப்பது நாளும் ஓயாமல் தைத்தாலும் பதின்மூன்றரை பிராங்குதான் சேரும், மகளின் மாதத் தொகைக்கே அது போதாது. அந்த நிலையில் 100 பிராங்க் கேட்டுக் கடிதம் வருகிறது. இருநூறு நாளுக்கு மேற்பட்ட கூலி அது. மிஞ்சியதையும் விற்றுவிடலாம் என்று அவள் தீர்மானிப்பது அப்போதுதான்.

நோட்டில் இன்னும் ஒரு தொகையைத் தனியாக எழுதி வட்டமிட்டுக்கொள்ளுங்கள்: 35 பிராங்க். ஃபான்டீனுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதத் தெரியாது, கடிதங்களை அவள் கூலிக்கு எழுதுபவரிடம் சொல்லி எழுத வைக்கிறாள். அந்த வழியில் செய்தி கசிந்து, ஊர்ப் பெண்மணி ஒருத்தி 35 பிராங்க் செலவழித்து மோன்ஃபெர்மேய்வரை பயணம் போய், ஃபான்டீனுக்குக் குழந்தை இருப்பதைக் கண்டறிந்து வந்து சொல்கிறாள். அதனால்தான் வேலை போகிறது. ஒரு தாயின் இரண்டு பற்களின் விலைக்கு ஐந்து பிராங்க் குறைவான தொகையை, அவளைக் காட்டிக்கொடுப்பதற்காக மட்டும் ஒருத்தி செலவழிக்கிறாள். நான் எத்தனையோ முறை படித்தும் இந்த எண்ணைக் கோபமில்லாமல் கடக்க முடிந்ததில்லை. ஃபான்டீனாக நடிப்பவரும் கடக்கக் கூடாது. அந்தக் கோபம் பிற்பாடு பாட்டில் தேவைப்படும்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மேடையில் தாயின் தியாகத்தைக் கெடுப்பது ‘தியாகம்’ என்ற சொல்தான். பார்வையாளர்கள் அரங்கை விட்டு வெளியே போகும்போது சொல்லிக்கொள்ள வேண்டிய சொல் அது. நடிகை அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேடையேறினால், முகம் மேலே நிமிர்ந்துவிடும், கைகள் விரிந்துவிடும், குரலில் ஒரு புனிதம் ஏறிவிடும். ஃபான்டீன் தன்னைத் தியாகி என்று ஒருபோதும் நினைக்கவில்லை. அவள் கடிதத்தில் இருக்கும் தொகையையும் கையில் இருக்கும் தொகையையும் பார்க்கிறாள், இடைவெளியை எதை விற்று நிரப்பலாம் என்று தேடுகிறாள். நம் அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த சந்திரமதியின் புலம்பலில் அழுதவர்கள், கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் கேட்கப்பட்டு, கொடுக்க ஏதுமில்லாமல் அவள் நிற்கிற இடத்தில்தான் உடைந்துபோகிறார்கள். துக்கத்துக்கு ஒரு விலை சொல்லப்படும்போது அதன் எடை கூடிவிடுகிறது.

மேடையில் தாய் இருக்கும் இடங்கள்

முதல் இடம் தொழிற்சாலைக் காட்சியில் அவள் கையில் இருக்கும் கடிதம். குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், இன்னும் பணம் அனுப்பு என்று கேட்கும் அந்தக் கடிதத்தைச் சக தொழிலாளி ஒருத்தி பிடுங்கி உரக்கப் படித்துவிடுகிறாள். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே வெற்றுத்தாளைப் பயன்படுத்தாமல், தொகையும் காரணமும் எழுதப்பட்ட உண்மையான கடிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை மடித்துப் பிரித்ததால் மடிப்புகளில் நைந்துபோன தாளாக அது இருக்கட்டும். அது பிடுங்கப்படும்போது உங்கள் முதல் உணர்வு அவமானமாக இருக்க வேண்டியதில்லை. தாள் கிழிந்துவிடுமே என்ற பதற்றம் முதலில் வரட்டும். அவளிடம் மகளுடையது என்று இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

இரண்டாவது இடம் துறைமுகத் தெருவில் வரும் கூட்டப் பாடல். மேடை வடிவத்தில் கழுத்துப் பதக்கமும் தலைமுடியும் விற்கப்படுவதும், கடைசியில் அவளே விலைபோவதும் இந்த ஒரே பாடலுக்குள் நடந்துவிடுகின்றன; பல் விற்கும் காட்சி மேடையில் இல்லை, 2012இல் வந்த திரைப்படத்தில் உண்டு. பாடல் வேகமானது, சுற்றிலும் இரைச்சல், பார்வையாளர்களின் கண் பத்து இடங்களில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு விற்பனைக்கும் தெளிவான மூன்று கட்டங்களை வகுத்துக்கொள்ளுங்கள்: விலையைக் கேட்பது, மனத்துக்குள் கணக்குப் போடுவது, சம்மதிப்பது. இதில் நடுக்கட்டத்தைத்தான் பெரும்பாலான நடிகைகள் விழுங்கிவிடுகிறார்கள். பத்து பிராங்க் என்று சொல்லப்பட்டதும் அரை நொடி அசையாமல் நின்று, அந்தப் பத்தைக் கடிதத்தில் இருந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அரை நொடி அரங்கின் கடைசி வரிசைவரை தெரியும். நாணயங்கள் கையில் விழுந்ததும் அவற்றை எண்ணுங்கள்; எண்ணாமல் வாங்கிக்கொள்ளும் ஏழை எவரும் இல்லை.

தலைமுடியைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. திரைப்படத்தில் ஃபான்டீனாக நடித்த ஆன் ஹாத்வே தன் சொந்த முடியையே படப்பிடிப்பில் வெட்டிக்கொண்டார். தினமும் நடக்கிற நாடகத்தில் அது சாத்தியமில்லை. பெரும்பாலும் நீண்ட முடிச் சவுரியின் கீழே குட்டை முடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு, கூட்டத்தின் மறைவில் மேற்சவுரியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றுவதைப் பல முறை பழகுங்கள், ஏனென்றால் அது சிக்கிக்கொண்டால் காட்சி அங்கேயே முடிந்துவிடும். முடி போன பிறகு வெளிச்சத்துக்கு வரும்போது கையைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது எல்லோரும் செய்வது. பணம் இருக்கும் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தால், அவள் தலையை மறந்துவிட்டாள் என்பதே பார்ப்பவர்களை வாட்டும்.

மூன்றாவது இடம் கைது. காவல் அதிகாரி ஜாவேர் அவளைச் சிறைக்கு அனுப்ப முற்படும்போது, அவள் தனக்காகக் கெஞ்சவில்லை. சிறையில் நாளுக்கு 7 சூதான் கிடைக்கும், மகளுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு என்ன செய்வேன் என்று நாவலில் அவள் கேட்கிறாள். அங்கேயும் கணக்குதான் பேசுகிறது. மேடையில் இந்தக் கெஞ்சல் மிகக் குறுகியது. அதைத் தரையில் விழுந்து கதறும் காட்சியாக்கினால் அடுத்து வருவதற்குக் குரலிலும் இடமிருக்காது, உணர்ச்சியிலும் இடமிருக்காது. நின்றபடியே, வேகமாக, ஒரு வியாபாரப் பேச்சைப் போல வாதாடுங்கள். நகரத் தந்தையும், அவளைத் துரத்திய தொழிற்சாலையின் உரிமையாளருமான நாயகன் ஜான் வல்ஜான் குறுக்கிடும்போது அவள் அவர்மீது பாய்வதற்குக் காரணமான கோபம், அப்போது எங்கிருந்தோ வந்து விழாமல், முன்பே கனிந்துகொண்டிருந்ததாகத் தெரியும். வட்டமிட்டு வைத்த 35 பிராங்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

கனவுப் பாடலைப் பாடுதல்

திரைப்படத்தைப் பார்த்துப் பாடப் பழகியவர்கள் முதலில் அதை மறக்க வேண்டும். மேடையில் இந்தப் பாடல் வேலை போன உடனே, எதையும் விற்பதற்கு முன்பு வருகிறது. திரைப்படத்தில் அவள் எல்லாவற்றையும் இழந்து முடித்த பிறகு வருகிறது. படத்தில் ஒளிப்பதிவுக் கருவி முகத்துக்கு அருகில் நின்று, நீண்ட ஒரே காட்சியாக, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடிய குரலைப் பதிவு செய்தது. அங்கே உடைந்த மூச்சும் விம்மலும் பொருந்துகின்றன. மேடையில் நிற்கும் ஃபான்டீனுக்கு முடி இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, இன்னும் ஏதாவது வழி கிடைக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது. அவள் பாடுவது முடிந்துபோன வாழ்க்கையின் இரங்கற்பா என்று எடுத்துக்கொண்டால், அடுத்த காட்சியில் வீழ்வதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சாது.

முதல் வாரம் மெட்டே இல்லாமல் வரிகளைப் பேசுங்கள். ஒவ்வொரு வரியின் பொருளையும் உங்கள் வீட்டுத் தமிழில், ஒரு தோழியிடம் சொல்வதைப் போலச் சொல்லிப் பாருங்கள். தாய்மொழியில் சொல்லும்போது எந்த வரியில் குரல் தயங்குகிறதோ, அந்த வரியில்தான் உங்களுக்குரிய பாடல் இருக்கிறது. அதன் பிறகு மெட்டுக்கு வாருங்கள். தொடக்க வரிகள் தாழ்ந்த ஸ்தாயியில், பேச்சுக்கு மிக அருகில் இருக்கின்றன. அவற்றை அழகாகப் பாட முயலாமல் சொல்லிச் செல்லுங்கள்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இரண்டு இடங்களில் சிரமம் வரும். நீண்ட ஸ்வரங்களில் குரல் தானாகவே கமகத்துக்குப் போகும். இந்த மெட்டுக்கு அந்த அசைவு வேண்டாம், ஸ்வரத்தை நேராக நிறுத்தி, முடிவில் மட்டும் இயல்பான அதிர்வை விடுங்கள். இரண்டாவது, ஆதார சுருதி. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு ஷட்ஜம் என்பது அசையாத தரை. இந்தப் பாடலிலோ இறுதிப் பகுதியில் தரையே மேலே எழும்புகிறது. ஷட்ஜத்தைச் சிறிது நேரம் வேறொரு ஸ்வரத்துக்கு நகர்த்தி வேறு ராகத்தைக் காட்டும் கிரக பேதத்தைப் போல இதை நினைத்தால் தவறிவிடுவீர்கள், ஏனென்றால் இங்கே ஆதாரமே இடம் மாறிவிட்டது, பழைய ஷட்ஜத்துக்குத் திரும்பும் பேச்சே இல்லை. மாறுவதற்கு முந்தைய இரண்டு அடிகளையும் மாறிய பின் வரும் இரண்டு அடிகளையும் மட்டும் தனியாக எடுத்து, பியானோவுடன் நாளுக்கு இருபது முறை பழகுங்கள். அந்த எழுச்சிக்கு நடிப்பிலும் ஒரு காரணம் வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் காரணம் இது: அந்த நொடியில்தான் அவளுக்குக் கடிதம் நினைவுக்கு வருகிறது. வரிகளில் மகள் இல்லாவிட்டாலும், குரலை மேலே தூக்குவது மகளாக இருக்கட்டும்.

அழுகையைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். அழும்போது தொண்டை இறுகிக் குரல்வளை மேலேறுகிறது, அந்த நிலையில் உச்சஸ்தாயியில் அழுத்திப் பாடினால் குரல் நாண்களுக்குக் கேடு. லண்டன் வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடப்பது வழக்கம். எட்டு முறை உண்மையாக அழுது பாடுகிறவர் இரண்டாம் வாரத்தில் மருத்துவரிடம் இருப்பார். ஒத்திகை அறையில் வேண்டிய அளவு அழுது தீர்த்துவிடுங்கள். எந்த வரியில் கண் நனைந்தது, மூச்சு எங்கே அறுந்தது என்று குறித்துக்கொண்டு, மேடையில் அந்த மூச்சின் வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

மரணப் படுக்கை

இந்த வேடத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைப் படுக்கையில் காய்ச்சலில் கிடக்கும் ஃபான்டீன், தன் எதிரே கோசெத் விளையாடிக்கொண்டிருப்பதாகக் காண்கிறாள். அவள் மகளிடம் பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, குளிர் ஏறுகிறது, விளையாடியது போதும், படுக்க வா என்று கூப்பிடுகிறாள். உலகத்தில் எல்லாத் தாய்மாரும் தினமும் மாலையில் சொல்கிற, அவளுக்கு மட்டும் பல ஆண்டுகளாகச் சொல்லக் கிடைக்காத வாக்கியங்கள் அவை.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, குழந்தையின் உயரத்தைத் தீர்மானிப்பது. ஃபான்டீன் மகளைப் பிரிந்தபோது அவளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. இப்போது அவள் எட்டு வயதை எட்டிக்கொண்டிருப்பவள். தாயின் கண்ணுக்கு முன்னால் வருவது எந்தக் குழந்தை? பிரிந்தபோது பார்த்த குழந்தைதான் வர முடியும், அதற்குப் பிறகு அவள் மகளைப் பார்க்கவே இல்லையே. ஆகவே உங்கள் பார்வை, நிற்கும் பெரியவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒத்திகையில் அந்த இடத்தில் அதே உயரமுள்ள ஒரு முக்காலியை வைத்துக்கொண்டு, பின்னர் அதை எடுத்துவிடுங்கள். குழந்தை ஒரே இடத்தில் நிற்காது. எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எந்த அடியில் திரும்பிப் பார்க்கிறது என்பதை மெட்டின் அடிகளோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

மெட்டைப் பற்றி ஒரு செய்தி பாடுபவருக்கு உதவும். இதே மெட்டைத்தான் பின்னர் எப்போனீன் தன் தனிமைப் பாடலாகப் பாடுகிறாள். 1980ஆம் ஆண்டின் பிரெஞ்சு வடிவத்தில் அந்த மெட்டு ஃபான்டீனின் துயரப் பாடலுக்கு உரியதாக இருந்தது. கோசெத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கம்பளிப் பாவாடை எப்போனீனிடம் போய்ச் சேர்ந்ததைப் போல, ஃபான்டீனின் மெட்டும் எப்போனீனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எப்போனீன் அந்த மெட்டை முழுக் குரலில் நிரப்பிப் பாடுவாள். நீங்கள் அதைத் தாலாட்டின் அளவுக்கு மேல் போகவிடாதீர்கள். இறப்பவளுக்கு மூச்சு குறைவு என்பதற்காக வரிகளை நடுவில் வெட்ட வேண்டாம். சொற்றொடரை முழுதாகப் பாடி, அடுத்த மூச்சு எடுக்கும் இடத்தை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துங்கள். தாலாட்டுகிற தாய் குழந்தை பயந்துவிடாதபடி தன் மூச்சிரைப்பை மறைப்பாள்.

நாவலில் ஜாவேர் வந்து நிற்கும் அதிர்ச்சியில் ஃபான்டீன் இறக்கிறாள். மேடையில் அவளை அந்தக் கொடுமையிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள், ஜாவேர் வருவதற்கு முன்பே, மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற ஜான் வல்ஜானின் வாக்கைக் கேட்டுவிட்டு அவள் போய்விடுகிறாள். அந்த வாக்கைக் கேட்டதும் நிம்மதியில் முகம் மலர வேண்டும் என்று இயக்குநர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தனை காலமும் பிறர் சொன்னதை நம்பி ஏமாந்தவள் அவள். வாக்குக் கொடுக்கும் மனிதரின் கையைப் பிடித்து, முகத்தை உற்றுப் பார்த்து, இவரை நம்பலாமா என்று கடைசியாக ஒரு கணக்குப் போடட்டும். நம்பலாம் என்று விடை வந்த பிறகு கை தளரட்டும்.

குழந்தை மேடையிலேயே இருக்கும்போது

இதே ஷான்பெர்க்கும் பூப்லீலும், ரிச்சர்ட் மால்ட்பியுடன் சேர்ந்து எழுதி, 1989இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் மேடையேறிய ‘மிஸ் சைகான்’ நாடகத்தில் சிக்கல் நேரெதிரானது. அமெரிக்காவில் இருக்கும் முன்னாள் படைவீரனான தந்தையிடம் மகளை அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் நின்ற ஒரு வியட்நாமியத் தாயின் புகைப்படத்தை ஷான்பெர்க் பார்த்ததிலிருந்து அந்த நாடகம் பிறந்தது. அதன் நாயகி கிம், முதற்பகுதியின் முடிவில் மகன் டாமைப் பார்த்தே பாடுகிறாள்; உனக்காக உயிரையும் கொடுப்பேன் என்று நேராகவே சொல்கிறாள். இறுதியில், தந்தை மகனை அழைத்துக்கொண்டு போகட்டும் என்பதற்காகத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். இதற்கு மூலமான புச்சினியின் ‘மதாமா பட்டர்ஃபிளை’ 1904இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதலில் தோல்வி கண்டு, திருத்தப்பட்டு, அதே ஆண்டு பிரெஷாவில் வெற்றி பெற்றது. அதில் தாய் மகனைச் சின்னஞ்சிறு தெய்வமே என்று விளித்து, என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள், அதன் ஒரு சுவடாவது உன்னிடம் தங்கட்டும் என்று பாடிவிட்டு, போய் விளையாடு என்று அனுப்புகிறாள். குழந்தையை ‘என் சாமி’ என்று கொஞ்சும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்த விளி உடனே புரிகிறது.

இந்த வேடங்களில் பாட்டின் பாதி பாரத்தைக் குழந்தையே சுமந்துவிடும். நீங்கள் குறைவாகச் செய்தால் போதும். குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடாதீர்கள். காதருகே எழும் அந்த ஒலி அதற்கு வலிக்கும், உங்கள் விலா எலும்புகளும் விரிய இடமிராது. முட்டியிட்டு, குழந்தையைப் பக்கவாட்டில் நிறுத்தி, குரலை அதன் தலைக்கு மேலே அனுப்புங்கள். ஒரே குழந்தையை எல்லாக் காட்சிகளுக்கும் வைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று பேரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். துப்பாக்கி ஒலியை ஒத்திகையில் மிக மெதுவாகத் தொடங்கிப் பழக்குங்கள், பிறகு சுட்டுக்கொண்டதாக நடித்த அத்தை எழுந்து உட்கார்ந்து சிரிப்பதை ஒவ்வொரு முறையும் குழந்தைக்குக் காட்டுங்கள். பட்டர்ஃபிளை குழந்தையின் கண்ணைக் கட்டிக் கையில் சிறு கொடியையும் பொம்மையையும் கொடுக்கும் வழக்கம் நடிக்கும் குழந்தைக்கும் நல்லது. அதற்கு அது வெறும் விளையாட்டாகவே இருந்துவிடுகிறது.

கிம்மின் முடிவைப் பற்றி இயக்குநரும் நடிகையும் ஒத்திகைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். ஆசியப் பெண் செத்தால்தான் குழந்தைக்கு அமெரிக்காவில் வாழ்வு என்று காட்டுவதாக இந்த நாடகம் நெடுங்காலமாகக் கண்டிக்கப்படுகிறது, அந்தக் கண்டனம் நியாயமானது. சாவை அழகாக்கும் ஒளியையும் மெதுவான அசைவையும் தவிர்த்து, அவளுக்கு வேறு எந்த வழியெல்லாம் அடைக்கப்பட்டன என்பதை முந்தைய காட்சிகளில் தெளிவாக்கினால், அவள் செய்வது முன்மாதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அனுமதியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘லே மிசராப்’, ‘மிஸ் சைகான்’ இரண்டையும் மேடையேற்ற, பள்ளி, கல்லூரி நிகழ்ச்சியானாலும், உரிமைதாரர்களிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். தமிழாக்கிப் பாடுவதற்கும் அது பொருந்தும். ஹ்யூகோ 1885இலும் புச்சினி 1924இலும் மறைந்துவிட்டதால் மூல நாவலுக்கும் புச்சினியின் இசைக்கும் அந்தத் தடை இல்லை. கணக்கு நோட்டோடு கூடிய ஃபான்டீனை நம் மெட்டுகளில் புதிதாக எழுத யாராவது துணிந்தால் முதல் வரிசையில் வந்து உட்காருவேன்.

கடைசி வருகை

முதற்பாதியிலேயே இறந்துவிடும் ஃபான்டீனுக்கு, நாடகத்தின் இறுதியில் இன்னும் ஒரு வருகை உண்டு. சாகும் தறுவாயில் இருக்கும் ஜான் வல்ஜானை அழைத்துப்போக ஆவியாக வருகிறாள். என் குழந்தையை அன்போடு வளர்த்தீர்கள் என்று அவரிடம் சொல்கிறாள். இடையில் வேறு கூட்டக் காட்சிகளில் நின்றுவிட்டு, வேகமாக உடை மாற்றிக்கொண்டு வருகிற அவசரத்தில், பல நடிகைகள் நேராக முதியவரிடம் போய்விடுகிறார்கள். ஆனால் அதே அறையில், திருமணமான கோசெத் தந்தையின் அருகில் முழங்காலிட்டிருக்கிறாள். மூன்று வயது நிறையாத குழந்தையைப் பிரிந்த தாய், வளர்ந்த மகளை முதல் முறையாகப் பார்ப்பது அந்த நொடியில்தான்.

உள்ளே வந்ததும் முதலில் பழைய உயரத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே தேடுங்கள். அங்கே யாரும் இல்லை என்று கண்டு, பார்வையை மெல்ல உயர்த்தி அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு நொடி போதும், இசை அதற்கு மேல் இடம் தராது. கோசெத்தாக நடிப்பவரிடம், என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தலையைத் தொடப் போகும் கையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, முதியவரிடம் நீட்டுங்கள்.